பொறக்காத பிள்ளைங்க வந்த வருசம்

எங்க ஊருக்குப் பொறக்காத பிள்ளைங்க வந்து சேந்தது ஒரு புதன்கிழமைங்க; அன்னிக்குக் காலையில மேக்கு வீதி வால்வைத் தொறந்து உட்டுட்டு, வடக்கு வீதிக்காரங்க 'எங்களுக்கு எப்படா தண்ணி'ன்னு கத்தறதைக் காதுல வாங்காத மாதிரி நான் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறேன், ஆஸ்பத்திரி ரோட்டுல ஆளுங்க வர்றாங்க, பத்துப் பேரு, நூறு பேரு, அதுக்கும் மேல, ஆம்பளையும் பொம்பளையும், நாப்பது வயசுக்காரங்க, முப்பது வயசுக்காரங்க, இருபதுகூட ஆகாதவங்க, எல்லாரு கையிலயும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டு. நோம்பிக்கு வர்ற ஒரம்பரை, யாரோ சொந்தக்காரங்கன்னு நெனச்சு நான் ஓரமா நின்னுக்கிட்டேன்.

யாரையும் அவங்க வழி கேக்கலை. அவங்கவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு, பக்கெட்டைக் கீழ வெச்சு, 'அம்மா'ன்னு ஒரு சத்தம் குடுத்தாங்க. எங்க வீட்டு வாசல்ல நின்னவனுக்கு எங்கப்பனோட காது, அப்பிடியே வெளிய நீட்டிக்கிட்டு. எங்கம்மா அவனை மேலயும் கீழயும் பாத்தா, பக்கெட்டைப் பாத்தா. ஆபரேசன் பண்ணிக்கிட்டதுக்கு அந்தக் காலத்துல அவளுக்குக் குடுத்த அதே பச்சைப் பக்கெட்டு, அன்னிக்கு வாங்கின மாதிரிப் புதுசா.

"நான் அன்னிக்கு அந்த வேனுல ஏறாம இருந்திருந்தா எனக்குப் பொறந்திருக்க வேண்டியவனா நீ?"

"ஆமாங்ம்மா."

"சரி, காலைக் கழுவிட்டு உள்ள வா. இட்லி ஆறுது."

அவ்வளவுதானுங்க. செம்மாங்காட்டுப்புதூர்ல நானூத்திப் பன்னண்டு பேரு அன்னிக்கு வந்தாங்க, அக்கம்பக்கத்து ஊர்லயும் அதே மாதிரி அதே நேரத்துல வந்தாங்களாம், வேலங்கரை தொகுதி முழுக்க வந்தாங்களாம். ஏன் வந்தாங்க, எப்பிடி வந்தாங்கன்னு டீக்கடையில ரெண்டு நாள் பழமை பேசினோம். பூசாரி ஒண்ணு சொன்னாரு, போஸ்ட்மேன் ஒண்ணு சொன்னாரு, மூணாம் நாள் தறிக்காரங்க 'ஆளு கெடைச்சுது, அதைப் பாருங்க'ன்னு சொல்லவும் பேச்சு நின்னு போச்சு.

வேன் கதையைச் சொல்லணும். எங்க அம்மாங்க காலத்துல சுவத்துக்குச் சுவரு செவப்பு முக்கோணம் வரைஞ்சிருக்கும், செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரி வேன் வரும், நர்சம்மா வீடு வீடாப் போயி 'போதும் தாயி, போதும்'னு சொல்லும். எங்க ஆளுங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. நாலேக்கரு காடு ரெண்டு பையனுக்குன்னா ரெண்டேக்கரு, கெணத்துத் தண்ணி ஆளுக்குப் பாதி நேரம், அப்பறம் அண்ணன் தம்பி வரப்புல நின்னு அருவாளைத் தூக்கறது, இதெல்லாம் எதுக்குன்னு ஒண்ணோட நிறுத்தினவங்க பாதி, ரெண்டோட நிறுத்தினவங்க மீதி. மாவட்டத்துலயே முதல் ஊருன்னு கலெக்டரு கேடயம் குடுத்தாரு, பஞ்சாயத்து ஆபீசுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குது, வேணும்னாப் போய்ப் பாருங்க. கவர்மெண்டு சொன்னதை ஒரு சொல்லு தட்டாம கேட்ட ஊருங்க இது.

அதே கவர்மெண்டுதான் இப்பச் சட்டம் கொண்டு வருது. தலையை எண்ணறதாம், எண்ணின கணக்குப்படித் தொகுதியைப் புதுசாப் பிரிக்கறதாம், தலை நெறைய இருக்கற பக்கம் நாற்காலி கூடுமாம், கொறைச்சலா இருக்கற பக்கம் ரெண்டு மூணு தொகுதியை அழிச்சு ஒண்ணாக்குவாங்களாம். எங்க வேலங்கரை அழியற பட்டியல்ல இருக்குதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். எங்க எம்.எல்.ஏ. ஒண்ணும் யோக்கிய சிகாமணி இல்லீங்க, ஆனா வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா ஒரே பஸ்ஸுல போயி அவரு வீட்டு வாசல்ல நின்னு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கலாம், கேட்டா மறுநாள் தண்ணி வரும். இனி எங்களை மூணு துண்டாக்கி மூணு தூரத்துத் தொகுதிக்கு வாலாத் தைப்பாங்களாம். வாலுக்கு யாருங்க சோறு வெப்பாங்க? நல்ல பிள்ளையா இருந்ததுக்கு இதுவா கூலின்னு ஊரே வயிறெரிஞ்சு கெடந்த நேரத்துலதான் அவங்க வந்தாங்க.

இப்ப எங்க சின்னம்மாவைப் பத்திச் சொல்றேன், இந்தக் கதையே அவ கதைதான். எங்கம்மாவோட தங்கச்சி, பேரு மயிலாத்தா, அறுபத்தாறு வயசு. இருபத்து மூணு வயசுலயே ஒரே பையன் போதும்னு வேன்ல ஏறிட்டா. பையன் பேரு குமரேசு, எனக்கு மூணு வயசு இளையவன். பத்தொம்பது வயசுல பாலிடெக்னிக் போயிட்டு வர்றப்ப லாரிக்காரன் அடிச்சுட்டான். நாலு வருசங் கழிச்சு சித்தப்பாவும் போயிட்டாரு. அதுக்கப்பறம் இத்தனை வருசமா ஒரு மாடு, ஒரு வீடு, ஒரு ஆளு. நான் காலையில வால்வு தொறக்கப் போறப்ப வேலியோரம் வந்து நின்னுக்குவா, தண்ணியைப் பத்தி ஏதாச்சும் கேப்பா, தண்ணி வேணும்னு இல்லீங்க, வாயைத் தொறந்து ஒரு மனுசங்கிட்டப் பேசணும்ல, அதுக்கு.

அவ வீட்டுக்கு வந்தது ஒரு பொண்ணு. நாப்பத்தொரு வயசு, சித்தப்பா மாதிரி நெடுநெடுன்னு, காதோரம் ரெண்டு நரை. சின்னம்மா கட்டுத்தரையில மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கிட்டு இருந்தா. அருவாமணையை உட்டு எந்திரிக்காமயே கேட்டாளாம்.

"உன்ற பேரென்ன கண்ணு?"

"நீங்க வெக்கறதுதானுங்ம்மா."

பேரு வெக்கச் சின்னம்மாளுக்கு மூணு நாளு ஆச்சு. ஊருல ஒவ்வொரு வீட்டுலயும் அதே கூத்துதான், நாப்பது வயசு ஆளை மடியில தலையை வெக்கச் சொல்லிக் காதுல பேரை மூணு வாட்டி ஊதறது, பக்கத்து வீட்டுக்குச் சக்கரை குடுக்கறது. எங்கம்மா என்ற தம்பிக்குச் சென்னியப்பன்னு வெச்சா. சின்னம்மா அவ பொண்ணுக்குப் பூவாத்தான்னு வெச்சா, வெச்சுட்டு அன்னிக்குப் பூரா ஒரு காரணமும் இல்லாம 'பூவாத்தா, பூவாத்தா'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தா, அவளும் சலிக்காம 'என்னங்ம்மா, என்னங்ம்மா'ன்னு வந்து நின்னா.

வெள்ளிக்கெழமை எண்ணெ தேச்சு உடறப்பத்தான் சின்னம்மா பாத்திருக்கா, பூவாத்தா வயித்துல தொப்புள் இல்லை. அவங்க யாருக்குமே கெடையாதுங்க, அந்த எடம் வழுவழுன்னு இருக்கும். சின்னம்மா அதும் மேல உள்ளங்கையை வெச்சு அழுத்திக்கிட்டு அழுதாளாம், அப்பிடி ஒரு அழுகை குமரேசு செத்தன்னிக்குக்கூட அழுகலை. "என்னை மன்னிச்சுரு சாமி, ஊருல எல்லாரும் ஏறினாங்க, நானும் ஏறிட்டேன்"னு சொன்னாளாம். அவ பதிலுக்கு, "எண்ணெ கண்ணுல எறங்குது, தண்ணி ஊத்துங்க"ன்னு சொல்லியிருக்கா. மறுநாள் வேலியோரம் நின்னு சின்னம்மாவே எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சு நான் பாத்து இருபத்திச் சில்லற வருசம் ஆச்சுங்க.

மத்த வீட்டுல எல்லாம் அப்பிடியேன்னு சொல்ல மாட்டேன். நம்மாளுங்க நம்மாளுங்கதானே. தறிக்கு ஆளு கெடைச்சுதுன்னு சந்தோசப்பட்டவங்களே, காட்டுல பங்கு கேப்பாங்களோன்னு ராத்திரி பகலாப் பயந்தாங்க, சில வீட்டுல வெளிய கூரைச் சாளையில பாய் போட்டுக் குடுத்தாங்க. ஆனா ஒருத்தரும் பங்கு கேக்கலைங்க. கேட்டிருந்தா ரெண்டு வார்த்தை திட்டியாச்சும் மனசு ஆறியிருக்கும், அவங்க சோத்தைத் தின்னுட்டுத் தட்டைக் கழுவி வெச்சுட்டு வேற என்ன வேலைன்னு கேட்டா யாரு மேல கோவப்படறது? என்ற தம்பியைப் பாருங்க. ஆறு வருசமா நான் டியூப் சுத்தி வெச்சிருந்த கெழக்கு வால்வை அவன் வந்த ரெண்டாம் வாரம் பிரிச்சு, வாசர் மாத்தி, ஒரு சொட்டு ஒழுகாமப் பண்ணிட்டான். 'தண்ணி உடற அவினாசிக்கு இத்தனை நாள் கையில என்ன வெரலா இல்லை'ன்னு வடக்கு வீதிக்காரன் எம்பட பேரைச் சொல்லி நக்கல் அடிச்சான். எனக்கு அவன் மேல பொறாமைதானுங்க, அதை மறைக்க மாட்டேன். அவன் பொறந்திருந்தா எங்கம்மாளுக்கு என்னைப் புடிச்சிருக்காதுன்னு தோணிக்கிட்டே இருந்துச்சு.

அப்பறம் கணக்கெடுப்பு வந்துச்சு. எடுக்க வந்தது எங்க ஊரு எலிமெண்டரி ஸ்கூல் விசாலாட்சி டீச்சர். ரொம்ப நேரான பொம்பளை, பரிச்சையில அரை மார்க்கு கூடப் போட மாட்டாங்க. பொறந்த தேதி இல்லை, ஆதார் இல்லை, இவங்களை எப்பிடிம்மா போனுல ஏத்துவீங்கன்னு நான் கேட்டதுக்கு, அவங்க கையேட்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வெரலை வெச்சுப் படிச்சாங்க.

"வீட்டுல வழக்கமாத் தங்கறவங்க எல்லாரையும் எழுதணும்னு இருக்குது அவினாசி. பொறந்திருக்கணும்னு எங்கயும் போடலை."

எழுதிட்டாங்க. தொகுதி பூராவும் அவங்கள மாதிரி டீச்சருங்க எழுதிட்டாங்க. மொத்தத்தைக் கூட்டிப் பாத்தா வேலங்கரை தொகுதி தப்பிச்சுதுன்னு சேதி வந்துச்சு, வெடி போட்டோம், பொறக்காதவங்களை வரிசையா உக்கார வெச்சு ஊருச் செலவுல வடை பாயசத்தோட விருந்து வெச்சோம். பாருங்க, பங்கு கேப்பாங்கன்னு பயந்து சாளையில படுக்க வெச்சவனெல்லாம் அன்னிக்கு எலை எலையாக் குனிஞ்சு பரிமாறினான். எங்களைக் காப்பாத்தவே வந்த தெய்வம்னு சொன்னாங்க.

சட்டம் டெல்லியில நெறவேறிச்சு. ஆணையம்னு ஒண்ணு போட்டாங்க, அவங்க சொல்றதுதான் முடிவு, கோர்ட்டுக்குக்கூடப் போக முடியாதாம். இத்தனை வருசம் ஏறாத கணக்கு ஒரே வருசத்துல எப்பிடி ஏறிச்சுன்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்து, பஞ்சாயத்துச் சுவத்துல நோட்டீசு ஒட்டினாங்க: சேத்து எழுதின ஆளுங்களுக்குச் சான்று வேணும், சான்று இல்லைன்னாப் பெத்தவ நேர்ல வந்து எனக்கு இத்தனை பிள்ளைங்க, பேரு இன்னின்னதுன்னு வாயால சொன்னாப் போதும், அதையே எடுத்துக்கறோம்; சொல்லாம உட்ட பேரை அடிச்சுருவோம். இதைவிடச் சுளுவா என்ன இருக்குதுன்னு ஊரே சிரிச்சுது. தாய்க்காரி தன்ற பிள்ளை பேரைச் சொல்றதுக்கு என்னங்க கஷ்டம்?

அங்கதான் எங்க புத்தி எங்களை வெச்சுச் செஞ்சுது. எங்க பக்கம் ஒரு வழக்கமுங்க. அசலூர் ஆளு வந்து எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா, எந்தத் தாயும் நெசத்தைச் சொல்ல மாட்டா. ஒண்ணு கொறைச்சுத்தான் சொல்லுவா. மூணு இருந்தா ரெண்டும்பா, ரெண்டு இருந்தா ஒண்ணும்பா, ஒண்ணே ஒண்ணு இருந்தா 'ஏதோ இருக்குதுங்க சாமி புண்ணியத்துல'ன்னு சேலைத் தலைப்புக்குள்ள அதை இழுத்துக்குவா. எண்ணினாக் கொறையும், கண்ணு பட்டா நிக்காது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்லை, தாய்ப்பாலோட எறங்கறது. கணக்கெடுக்க வந்தது உள்ளூரு டீச்சருங்க, வீட்டுக்குள்ள வந்து தலையைப் பாத்து எழுதிட்டாங்க, அதனால அப்ப இது தெரியலை.

விசாரணை மேட்டுக்கடை கல்யாண மண்டபத்துல. மேடையில மாப்பிள்ளை பொண்ணு உக்கார்ற எடத்துல மேசை போட்டு ஆணையத்துக்காரரு உக்காந்திருந்தாரு. குத்தம் சொல்லக்கூடாது, தங்கமான மனுசன், கெழவிங்க படியேறினா எந்திரிச்சு நிப்பாரு, தண்ணி குடுக்கச் சொல்லுவாரு. ஆனா நம்ம பாசை தெரியாது, தாலுக்காபீசு கிளார்க்கு பக்கத்துல நின்னு மாத்திச் சொன்னான். அதோட அவரு போட்டிருந்த கண்ணாடி இருக்குதே, அரை வெரல் தடிமன், அதுக்குள்ள கண்ணு ரெண்டும் முட்டை மாதிரி பெருசாத் தெரியும். அந்தக் கண்ணால ஒருத்தியை உத்துப் பாத்து, எத்தனை பிள்ளைன்னு கேக்கறாரு.

ஒரு வாரமா நாங்க ஸ்கூல் மைதானத்துல பாடம் நடத்தியிருந்தோமுங்க. நான்தான் ஆபீசரு, நாற்காலியில உக்காந்துக்கிட்டு எத்தனை பிள்ளைங்கம்பேன், அவங்க சரியாச் சொல்லுவாங்க. மண்டபத்துல முதல்ல ஏறினது வடக்கு வீதி நாச்சம்மா, பொறந்தது ரெண்டு, வந்தது ஒண்ணு. கேட்டதும் பளிச்சுனு, "ரெண்டுங்க சாமி." பேரு கேட்டாங்க, பொறந்த ரெண்டு பேரையும் சொன்னா, கட்டைவெரலு வெச்சா, சிரிச்சுக்கிட்டே எறங்கினா. தான் என்ன சொன்னோம்னே அவளுக்குத் தெரியலை. கிளார்க்கு நோட்டுல கோடு போட்டு மூணாவதை அடிச்சான், பின்னால பெஞ்சுல உக்காந்திருந்த அவ மூணாவது பையன் எந்திரிச்சு, வேட்டியை ஒதறிக் கட்டிக்கிட்டு, வெளிய நடந்தான். ஆஸ்பத்திரி ரோடு. கூப்புட்டாத் திரும்பிப் பாத்தான், ஆனா நிக்கலை, வளைவு தாண்டினதும் ஆளு இல்லை.

அடுத்தவ ஏறினா, அவளும் ஒண்ணு கொறைச்சா. அதுக்கடுத்தவளும். பெஞ்சுல இருந்து ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போறாங்க. கீழ நிக்கற பொம்பளைங்களுக்குள்ள கசமுசான்னு பேச்சு, சொல்லாம உட்டதாலதான் போகுதுன்னு நானும் விசாலாட்சி டீச்சரும் தொண்டை கிழியக் கத்தறோம், அவங்க கேக்கணுமே! கூட்டத்துல எனக்கு அத்தை முறைக்காரி ஒருத்தி என்னையே அதட்டினா.

"நீ பேசாத இரு அவினாசி. அசலான் முன்னால வாயைத் தொறந்து எண்ணினோம், ஓடிருச்சு. பெரியவங்க சொன்னது பொய்யா?"

"ஏனுங்க அத்தை, எண்ணினா ஓடும்னா, எண்ணின பிள்ளையில்ல ஓடணும்? எண்ணாததுதானே ஓடுது?"

"கண்ணு பட்டா எது போகும், எது நிக்கும்னு கணக்காடா இருக்குது? வாயை மூடு. இனி ஏறறவங்களாச்சும் மறைச்சுச் சொல்லுங்க தாயிங்களா."

ஒவ்வொண்ணு போகப் போக அவங்களுக்குப் பயம் கூடுது, பயம் கூடக் கூட இன்னும் கெட்டியா மறைக்கறாங்க, மறைக்க மறைக்கப் போகுது. மத்தியானத்துக்குள்ள மண்டபம் பாதி காலி. கடைசியில தப்பினது பதினோரு பேருங்க, நானூத்திப் பன்னண்டுல பதினோரு பேரு. அதுல ஒருத்தியோட அம்மாளுக்குக் காது சுத்தமாக் கேக்காது, டீச்சர் சிலேட்டுல எழுதிக் காட்டினதை அப்பிடியே மேடையில படிச்சுட்டா.

எங்கம்மா ஏறினா. "ஒண்ணுங்க." பேரு? "அவினாசி." என்ற தம்பி எந்திரிச்சு எங்கிட்ட வந்தான், வடக்கு வால்வுல வாசர் தேஞ்சிருக்குது, மாத்தணும்னு சொன்னான், போயிட்டான். எங்கம்மா என்ற பேரைச் சொன்னப்ப என்ற மனசுல ஒரு மூலையில, ஒரே ஒரு நொடிங்க, இனிச்சுது. அந்தப் பாவம் எங்க போய்த் தீரும்னு எனக்குத் தெரியலை.

சாமி சத்தியமா அதுக்கப்பறம் எனக்கு ஒரே நெனப்புதான், சின்னம்மாவைக் காப்பாத்தணும். எங்கம்மாளுக்கு நானாச்சும் இருக்கேன், அவளுக்கு யாரு இருக்கா? சாப்பாட்டுக் கூடத்து மூலைக்கு அவளைக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டேன்.

"சின்னம்மா, தொகுதி கெட்டுக் குட்டிச்சுவராப் போகட்டும். நீங்க ஒண்ணுன்னு சொல்லுங்க. பேரு கேட்டா பூவாத்தான்னு சொல்லுங்க. சொன்னா இருப்பா. சொல்லலைன்னாப் போயிருவா. என்ற கண்ணால பாத்துட்டேன். என்னை நம்புங்க."

"நம்பறேன் சாமி. ஒண்ணு. பூவாத்தா."

"இன்னொரு வாட்டி."

"ஒண்ணு. பூவாத்தா. எத்தனை வாட்டிடா சொல்றது, என்ற பிள்ளை பேரு எனக்குத் தெரியாதா?"

பத்து வாட்டி சொல்ல வெச்சேன். பூவாத்தா கடைசிப் பெஞ்சுல உக்காந்து சின்னம்மாவோட செருப்பையும் மஞ்சப் பையையும் காலடியில வெச்சுக் காவல் காத்துக்கிட்டு இருந்தா. சின்னம்மா பேரைக் கூப்புட்டாங்க. படியேறினா, நாற்காலி நுனியில உக்காந்தா. அந்த மனுசன் கும்புட்டுட்டு, கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிக்கிட்டு அவளை உத்துப் பாத்தாரு. கிளார்க்கு கேட்டான்.

"எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒண்ணுங்க."

என்ற உசுரு திரும்பி வந்துச்சுங்க. அப்பாடான்னு சுவத்துல சாஞ்சேன்.

"பேரு?"

சின்னம்மா வாயைத் தொறந்தா, மூடினா. ஒரு தடவை திரும்பிப் பாத்தா, கடைசிப் பெஞ்சை. அவ பாத்த பக்கமே அந்த ஆபீசரும் திரும்பிப் பாத்தாரு, அந்தப் பெரிய கண்ணு ரெண்டும் மண்டபத்துக்குள்ள தேடுச்சு. அதை அவ பாத்துட்டா. சேலைத் தலைப்பைத் தோளோட இழுத்துப் போத்திக்கிட்டு, கண்ணு பட்டு இனிமே ஒண்ணும் ஆகறதுக்கில்லாத பிள்ளை எதோ அந்தப் பேரை எடுத்து நீட்டினா.

"குமரேசனுங்க."

கிளார்க்கு பொரட்டிப் பாத்தான். இறந்துட்டாருன்னு இருக்குதேம்மான்னான். ஆமாங்க, ஆமாங்கன்னு சின்னம்மா தலையாட்டினா. வேற யாரும் இல்லையான்னு அவன் நல்லதனமாவே இன்னொரு வாட்டி கேட்டான். "வேற யாரும் இல்லீங்க சாமி, நான் ஒத்தக்கட்டை"ன்னு சொல்லிட்டா. நான் மேடைக்கு ஓடினேன், சின்னம்மா சின்னம்மான்னு கத்தினேன், போலீசுக்காரன் என்ற தோளைப் புடிச்சு நிறுத்திட்டான். கட்டைவெரலு வெச்சு முடிச்சாச்சு. பூவாத்தா எந்திரிச்சா, செருப்பை நேரா எடுத்து வெச்சா, மஞ்சப் பையைப் பெஞ்சு மேல வெச்சா, சமையக்கட்டு வழியாப் பின்பக்கம் போனா. சின்னம்மாளுக்கு அந்தப் பக்கம் முதுகு.

ரெண்டு மாசத்துல கெசட்டுல வந்துச்சுங்க. வேலங்கரைங்கற பேரே கெடையாது. எங்க ஊரை நடுவுல கோடு போட்டு, மேக்கு வீதி ஒரு தொகுதி, கெழக்கு வீதி ஒரு தொகுதி, வடக்கு வீதி ஒரு தொகுதி. மூணு எம்.எல்.ஏ.வுக்கும் நாங்க எங்க இருக்கோம்னு தெரியாது, வாய்க்கால்ல தண்ணி வந்து வருசம் ஆச்சு, கேக்கறதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போகணும், போனா 'நீங்க எங்க லிஸ்டுலயா இருக்கீங்க'ங்கறான். அதெல்லாம் பின்னால நடந்தது. அன்னிக்குச் சாயங்காலத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன்.

மண்டபத்துல இருந்து ஊருக்கு ரெண்டு மைலு. பொம்பளைங்க வழி நெடுக ஒப்பாரி வெச்சுக்கிட்டு வந்தாங்க, சின்னம்மா மட்டும் வீசு நடை நடந்து வந்தா, அந்தக் கூட்டத்துலயே மொகம் தெளிஞ்சு இருந்தது அவ ஒருத்திதான். நான் கூடவே வந்தேன், சொல்லணும் சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வருது, வர மாட்டேங்குது. ஊருக்குள்ள நுழையறப்ப அவளே என்ற கையைப் புடிச்சு ஓரமா இழுத்து, காதுகிட்ட வந்து சொன்னா.

"கோவிச்சுக்காதடா அவினாசி. நீ சொன்ன பேரைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். அந்தாளு திரும்பிப் பாத்தான் பாரு ஒரு பார்வை. ஒண்ணைத்தான் பறி குடுத்துட்டேன், இதையும் குடுப்பனா? அதான் மறைச்சுட்டேன். பொழுது சாயுதுன்னு மாட்டுக்குத் தண்ணி காட்ட முன்னாலயே போயிட்டா போலிருக்குது, கெட்டிக்காரி."

"சின்னம்மா..."

"மெதுவாப் பேசு."

"சின்னம்மா, அவ..."

சின்னம்மா என்ற வாயை உள்ளங்கையால பொத்தினா. சுத்தியும் பாத்தா, வேலிக்கு அந்தப் பக்கம் பாத்தா, ரோட்டைப் பாத்தா. வீட்டு வாசல்ல வெளிச்சம் இல்லை, மாடு தண்ணிக்குக் கத்திக்கிட்டு இருந்துச்சு.

"அவ பேரை இனி வெளிய சொல்லாத சாமி. எனக்கு ஒரு பொண்ணு இருக்கறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது"ன்னு சொல்லிட்டு, கேட்டைத் தொறந்து உள்ள போயி, கொண்டியைப் போட்டுக்கிட்டா.